வளைவில் நின்ற ஜீப்பில் ஒரு ராசா

ஜீப்புக்குள் பச்சை ஏலக்காய் மணம் ஏறும்போதெல்லாம் உன் நினைவு வந்துவிடுகிறது. இன்று சாயங்காலம் பயத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது. போடிமெட்டுக்குக் கீழே மண் சரிந்து பாதை அடைத்துக் கிடந்தது. முன்னே பனிமூட்டம், தலைக்கு மேலே ஈரமண். காய் பறித்துவிட்டு இறங்கும் பெண்களோடு நானும் ஜீப்பில் மாட்டிக்கொண்டேன்.

எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நாம் டீச்சராகச் சேர்ந்த புதிதில், இந்தப் பாதைக்கு நான் அஞ்சுவதைப் பார்த்துத்தானே அந்தப் பழைய ஆங்கில நாடகத்தைக் கையில் எடுத்தாய்? ஜீப்பில் போகும்போது முதலில் இங்கிலீஷில் உரக்கப் படிப்பாய், பிறகு தமிழில் கதை சொல்வாய். தம்பியைக் கொன்று பட்டமேறிய ராசா. அவன் கதவைத் தட்டும் தம்பியின் ஆவி. ஆவி பேசத் தொடங்கியதும் முனியாண்டி கோயில் வளைவில் டிரைவர் அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டார்.

"என்னா டீச்சர், வளைவுல வந்து ஆவியக் கூப்புடுறீங்க? டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்காம வண்டி எடுக்க மாட்டேன்."

"அந்த ராசாவுக்கும் சேத்து ஒண்ணு வையிண்ணே, பாவம்" என்றாள் பின்சீட்டிலிருந்த சிலமலைச் செல்லம்மா.

எனக்கு மானம் போனது. நீயோ விழுந்து விழுந்து சிரித்தாய். "ஏ புள்ள, இப்பிடிப் பயப்படத்தாண்டி இத எழுதி வச்சான். நாமதான் பரீட்சைக்கு நோட்ஸ் எழுதியே கெடுத்துட்டோம்." கல்லூரியில் மனப்பாடம் செய்த எனக்கு அந்த நாடகம் அன்றுதான் புரியத் தொடங்கியது.

ராசா சாகும் கட்டம் வருவதற்குள் உன்னை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நீ திரும்பவில்லை. உன் புத்தகம் என் பையிலேயே கிடந்தது. நான் பிரிக்கவே இல்லை.

இன்று செல்லம்மா கேட்டுவிட்டாள். "டீச்சர், அந்த ராசா என்னாதான் ஆனான்? பாதை தொறக்கிற வரைக்கும் வாசிங்க."

தலைக்கு மேல் மண் தொங்கும்போது சாவையா வாசிப்பது? அந்த வரிகளைச் சத்தமாகச் சொன்னால் நீ போனது உறுதியாகிவிடும் என்றும் பயந்தேன். எல்லாப் பெண்களும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் பிரித்து, வரி வரியாகத் தமிழில் சொல்லி வாசித்தேன். எல்லோரும் விட்டுப்போன அரண்மனையில் ராசா தனியே உட்கார்ந்து சாவுக்கு அஞ்சுகிறான். பாதியிலேயே புத்தகத்தை மூடிவிட்டேன்.

"அந்த டீச்சர் மாதிரி எனக்கு வாசிக்க வராது செல்லம்மா."

"நிறுத்தாதீங்க டீச்சர். அவுக வாசிக்கையில கதை கேட்டோம். இப்பத்தான் ராசா பேசுறான்."

கடைசி வரி வரை வாசித்தேன். பாதை திறந்து வீட்டுக்கு வந்தும் பயம் விடவில்லை. காலையில் மறுபடி அதே ஜீப்பில் ஏற வேண்டும். உன் சிரிப்பு எனக்கு வராது, புள்ள. என்னிடம் இருப்பது இந்தப் பயம்தான். அதை வைத்துக்கொண்டுதான் நாளைக்கு அடுத்த நாடகத்தைத் தொடங்கப் போகிறேன்.