புற்றுக்கு எதிரில் பூட்ஸ்

14-8-1991, புதன்

உடம்பு அசந்துவிட்டது, தூக்கம்தான் வரவில்லை. வடக்குப்பட்டில் கம்பெனி நிலத்தைச் சுத்தம் செய்யும் ஆட்களுக்கு நான்தான் சூப்பர்வைசர். பூட்ஸ் இல்லாமல் யாரும் புதருக்குள் இறங்கக்கூடாது என்று காலையில்கூடக் கத்தினேன். மதியம் முள்ளை வெட்டியபோது உள்ளே ஒரு பாம்புப் புற்று தெரிந்தது. ஆட்களில் ஒருத்தியான கன்னியம்மா, அதைக் கும்பிடப் பூட்ஸைக் கழற்றிவிட்டுப் போயிருக்கிறாள். எவனோ கொட்டிய குப்பையில் கிடந்த டியூப்லைட் கண்ணாடி பாதத்தில் ஏறிவிட்டது. அலறல் கேட்டு ஓடினேன்.

“பூட்ஸை ஏம்மா கழட்டின?”

“நாகாத்தம்மா எதிர்ல பூட்ஸ் போட்டுக்கினு எப்டி சார் நிக்கிறது?”

வாயில் வந்தபடி திட்டினேன். அவளை வண்டியில் ஏற்றி அனுப்பிய பிறகுதான் என் காலில் முள் தைத்திருப்பது உறைத்தது. புற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவள் பூட்ஸுக்குப் பக்கத்திலேயே என் ஷூவும் கிடந்தது. எப்போது கழற்றினேனோ.