அம்சவள்ளி கேட்ட ஆங்கிலக் கடிதம்

பெரம்பலூர்
14.8.1983

அன்பு மகள் அம்சவள்ளிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் ஏதோ இருக்கிறோம், பம்பாயில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி வேம்புவும் குறையில்லாமல் இருக்கச் செட்டிகுளம் முருகனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். இங்கே இந்த வருஷமும் மழை இல்லை, கடலை கருகிவிட்டது, கறவை மாட்டை விற்றாயிற்று. அம்மாவுக்கு முட்டிவலி, சொன்னால் கேட்பதில்லை.

உன் கடிதம் வந்தது. ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் வேலைக்கு உனக்கு ஆர்டர் வந்திருக்கிறது, மாப்பிள்ளை "பொண்டாட்டி சம்பாத்தியத்துல உக்காந்து திங்க மாட்டேன்" என்கிறார், அதனால் வேலை வேண்டாமென்று இங்கிலீஷில் மரியாதையாக எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறாய். தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் டைப் அடித்தவனுக்கு இது பெரிய காரியமில்லை. இதற்கு டர்ன் டவுன் என்பார்கள். நாம் கொடுக்கும் மனுவை அதிகாரி டர்ன் டவுன் செய்வார், தேடி வந்த வேலையை நாமே டர்ன் டவுன் செய்வோம். வராத ஒன்றுக்கு அந்தச் சொல் பொருந்தாது, வந்ததை வேண்டாமென்று தள்ளினால்தான் பொருந்தும். கடிதத்தில் மட்டும் அப்படிப் போடாமல், வருந்துகிறேன் என்று நயமாக எழுதுவார்கள். அந்த நயம் எனக்கு நன்றாகத் தெரியும் அம்மா, உன் பெயரில் ஏற்கெனவே ஒரு முறை எழுதியிருக்கிறேன். எழுபத்து நாலில் திருச்சியிலிருந்து நர்ஸ் டிரெயினிங்குக்கு உனக்கு ஆர்டர் வந்தது. பரிசம் போட்டு நாலு நாள்தான் ஆகியிருந்தது. பரிசம் போட்ட பெண்ணை ஹாஸ்டலுக்கு அனுப்பினால் சம்பந்தி வீட்டார் கல்யாணத்தையே நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தேன். வர இயலாது என்று ஆபீஸ் மெஷினிலேயே கடிதம் அடித்து, உன் கையெழுத்தையும் நானே போட்டேன். நீ தபால்காரர் வரும் நேரமெல்லாம் வாசலில் நின்று "இன்னும் வரலியாப்பா" என்றாய், "வரலம்மா" என்றேன். அப்புறம் நீ உன்னையே ராசியில்லாதவள் என்று சொல்லிக்கொண்டபோதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உன் அம்மாவுக்கும் இன்றுவரை தெரியாது. நான் செய்தது பாவம்.

மாப்பிள்ளை வேலை பார்த்த மில்லில் ஸ்டிரைக் ஒன்றரை வருஷமாகியும் முடியவில்லை. வேம்பு டீயில் பன்னை நனைத்துத் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள் என்று நீதான் எழுதினாய், படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளை நல்லவர்தான், அவர் ரோஷத்துக்குப் பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாது. நீ கேட்ட கடிதத்தை நான் எழுத மாட்டேன். அவர் கேட்டால் அப்பா எழுதித் தரவில்லை என்று என் தலையில் போடு.

நீங்கள் மூவரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். முப்பதாம் தேதிக்குள் சேர வேண்டும் என்று எழுதியிருந்தாய், நாளைத் தவறவிடாதே. என் முகத்தில் விழிக்கப் பிடிக்காவிட்டால் இந்தப் பக்கம் வர வேண்டாம், பதிலும் போட வேண்டாம். வேலையில் மட்டும் சேர்ந்துவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
ராசாங்கம்