எண்ணெய்த் துணி ஆறு

பிப்ரவரி 6
பஸ்காரர்கள் மூன்று மாதம் வேலைநிறுத்தம் செய்த வருடம். என் மகள் தத்தித் தத்தி நடந்த வருடம். அந்த வருடம்தான் எங்கள் பட்டறையில், செப்பனிட வந்த மேசை நாற்காலிகளோடு ஒரு சுவரும் எரிந்தது. யாரும் தீ வைக்கவில்லை. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்துப் போட்டால் தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். அன்றிலிருந்து, மெருகு போட எடுத்த துணிகளைத் தண்ணீரில் முக்கி, கொல்லைக் கம்பியில் ஒன்றொன்றாக விரித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். நாற்பத்தோரு வருடமாக ஒரு நாள் தவறியதில்லை.

இன்று காலை உளிகளைத் தீட்ட உட்கார்ந்தேன். கருகிய வாடை. குப்பைத் தொட்டிக்குள் நேற்றைய துணிகள் பந்தாகக் கிடந்தன. பிரித்தால் நடுவில் கரி.

நானா போட்டேன்? நான்தான். வேறு யார் இருக்கிறார்கள் அங்கே?

எனக்கு எழுத்து வராது. சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். இதை எழுதாதே என்றேன். எழுதிக்கொண்டுதான் இருக்கிறாள்.

பிப்ரவரி 7
பட்டறைக்கு மேல்மாடியில் அண்ணி. முதலாளி அண்ணனின் மனைவி. அண்ணன் காலமானபின் பட்டறை அண்ணியுடையது. இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடந்தும், சாய்ந்தபடியே நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னுகிறார். தீப்பிடித்தால் எப்படி இறங்குவார்?

சொன்னால் சாவியை வாங்கிவிடுவார். சொல்லாவிட்டால் —

"போய்ச் சொல்லிடுங்கப்பா" என்கிறாள் மகள்.

பிப்ரவரி 9
சொல்லவில்லை.

பிப்ரவரி 12
எடுத்தது ஆறு துணி. கம்பியில் ஐந்து. தொட்டி, அலமாரி, மரச்சுருள் மூட்டை எல்லாவற்றையும் கொட்டித் தேடினேன். ஆறாவது என் சட்டைப் பையில் இருந்தது. சட்டையோ மரச்சுருள் மூட்டைக்கு மேலேயே தொங்குகிறது. டேய், என்னடா ஆச்சு உனக்கு?

படியேறிப் போய் இரண்டையும் சொல்லிவிட்டேன்.

அண்ணி பின்னலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "உங்க அண்ணன் கூப்பிட்டா நானே போய்க்குவேன் தம்பி. நீங்க ஒண்ணும் அனுப்பி வைக்க வேணாம்."

சாவியை நீட்டினேன்.

"அதை வச்சு நான் என்ன பண்றது? காலையில எத்தனை துணி எடுத்தீங்கன்னு கீழேயிருந்து கத்திச் சொல்லுங்க. காயப்போட்டதும் மறுபடி எண்ணிச் சொல்லுங்க. நான் சரின்னு சொன்னாத்தான் வீட்டுக்கு."

மார்ச் 3
சாயங்காலம், "ஆறு, அண்ணி!" என்றேன். பதில் இல்லை. இன்னும் சத்தமாகக் கத்தினேன். இல்லை.

இந்த முழங்காலை வைத்துக்கொண்டு எப்படி மாடி ஏறினேனோ. கதவைத் தள்ளினால், அண்ணி கட்டிலில் சாய்ந்தபடியே என்னை முறைக்கிறார். பிரம்பின் நுனி பல்லுக்கிடையில். இரண்டு கையும் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தன.

இறுக்கி முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். "பல்லால கடிச்சிட்டு எப்படிய்யா சரின்னு சொல்றது? மூச்சு வாங்குது பாருங்க. உட்காருங்க."

தரையிலேயே உட்கார்ந்தேன். அந்தப் பட்டறையில் என்னோடு வேலை பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணினேன். ஒருவர் முகமும் மறக்கவில்லை. உயிரோடு மிச்சம் இருப்பது அண்ணி ஒருவர்தான்.