சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பீடி

திருப்பத்தூர்
5.5.2024

இளவரசி அப்பாவுக்கு,

நாங்கள் நலம். அங்கே உங்களுக்கு முனியப்பன் சாமி துணை. பிள்ளை இளவரசிக்கு மூச்சு இழுப்பு குறைந்திருக்கிறது. நேற்று அண்ணன் வீட்டு மாடிப்படியில் ஓடியே ஏறினாள். எனக்குத்தான் மூச்சு நின்றுவிட்டது.

போன் வேண்டாம். டவருக்காக நீங்க பாறைமேல் ஏறி நின்று கத்துறீங்க, நான் பதிலுக்குக் கத்துகிறேன், யாராவது ஒருவர் பாதியில் வைத்துவிடுகிறோம். எழுதினால் கொஞ்சம் யோசித்து எழுதலாம். தீர்த்தகிரி நம்ம மலைக்கு ஓட்டுகிற ஜீப்பை அண்ணன் கடை வாசலில்தான் நிறுத்துகிறான். அவனிடம் கொடுத்தனுப்புங்க.

டாக்டர் சொன்னதைத் திரும்பச் சொல்கிறேன். அவர் சொன்னபோது நீங்க வெளியே பீடி பிடிக்கப் போயிருந்தீங்க. உங்க சட்டை, போர்வை, தலைமுடி எல்லாவற்றிலும் புகை இருக்கிறதாம். அதுவே பிள்ளைக்கு ஆகாதாம். ராத்திரி சாப்பிட்டதும் பிள்ளைக்காகத்தான் எழுந்து புளியமரத்தடிக்குப் போய் ஊதிவிட்டு வர்றீங்க என்று எனக்குத் தெரியும். அந்தக் குணத்துக்காகத்தான் இத்தனை வருஷம் உங்களோடு சண்டை போட்டு ஓடிவராமல் இருந்தேன். ஆனால் அதே சட்டையோடு வந்துதானே அவள் பக்கத்தில் படுக்குறீங்க.

அடியோடு விடுங்க. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் விட்டுவிட்டால் நானே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். இல்லாவிட்டால் அவளை இங்கேயே சேர்த்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஜெயசுதா


புதூர்நாடு
11.5.2024

சுதாவுக்கு,

மிச்சமிருந்த பீடிக்கட்டை அடுப்பில் போட்டுவிட்டேன். எரிகிற வாசனையை நின்று முகர்ந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தீர்த்தகிரி வந்து சொல்வான்.

காலையில் பீடி இல்லாமல் வயிறு கேட்கமாட்டேன் என்கிறது. கை தானாகச் சட்டைப்பைக்குப் போகிறது. வறுத்த புளியங்கொட்டையை வாயில் அடக்கி அடக்கி ஒரு பல் ஆடுகிறது. தூக்கம் சுத்தமாக இல்லை. நேற்றுக் காளை தலையை ஆட்டியதற்குச் சாட்டையால் விளாசிவிட்டேன். அது கண்ணை மூடிக்கொண்டு நின்றது. பக்கத்து வீட்டுச் சாந்தம்மாள் வந்து, "இன்னா தாண்டவா, நீ பீடி வுட்டதுக்கு மாடு இன்னா பண்ணும்?" என்று கேட்டாள். அவளையும் ஏசினேன். கிழவி அழுதுகொண்டே போனாள். எனக்குப் பாவமாகக்கூட இல்லை.

வருகிற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி முனியப்பனுக்குப் பொங்கல். என்மேல் சாமி வந்து சுருட்டு பிடிக்கும். சுருட்டு வாயில் இருந்தால்தான் முனியப்பன் வாக்கு சொல்வான், உனக்குத் தெரியாததில்லை. அது சாமி ஊதுவது, என் கணக்கில் சேராது. முன்னாடியே சொல்லிவைக்கிறேன்.

பலாப்பழம் அனுப்பியிருக்கிறேன். உன் அண்ணனுக்கு இரண்டு சுளை போதும்.

தாண்டவராயன்


திருப்பத்தூர்
15.5.2024

இளவரசி அப்பாவுக்கு,

பழம் வந்தது. அண்ணன் இரண்டு சுளையில் நிற்கவில்லை.

நீங்க விட்டுவிட்டதாக எழுதியதைப் படித்துக் காட்டினேன். அண்ணன் சிரித்தார். "நாய் வாலை நிமிர்த்தப் போறியா சுதா? உன் வூட்டுக்காரர் மழை வந்தாக்கூட பீடியைத்தான் முதல்ல நனையாம வெப்பாரு" என்றார். அண்ணி நீலாவதி அதற்கும் மேலே. நீங்க வருஷம் முடிவதற்குள் பீடிக்கடையே வைத்துவிடுவீங்களாம். நானும் சேர்ந்து சிரித்தேன். உங்களை விட்டுக்கொடுத்துச் சிரித்தேன் என்று ராத்திரி வருத்தமாக இருந்தது.

சாமி விஷயம். சாமி ஊதினாலும் நெஞ்சு உங்களுடையதுதான். முனியப்பன் பேரைச் சொல்லி ஒரு இழுப்பு இழுத்தாலும் நான் மலை ஏற மாட்டேன். உங்களுக்குச் சாமி பெரிதா பிள்ளை பெரிதா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஜெயசுதா


புதூர்நாடு
26.5.2024

ஜெயசுதாவுக்கு,

தெரிந்துவிட்டது. கேட்டுக்கொள்.

பம்பை அடித்தார்கள். மாலை போட்டார்கள். சுருட்டைப் பற்றவைக்காமல் கொடுங்கள், வாயில் வைத்துக்கொள்கிறேன் என்றேன். ஊரே பார்த்தது. வெறும் சுருட்டை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், பம்பைக்காரனுக்குக் கை ஓய்ந்துவிட்டது, சாமி வரவில்லை. சித்தப்பா மகன் அருள்மணி என் வாயிலிருந்து சுருட்டைப் பிடுங்கினான். "இன்னாண்ணே, முனியப்பனுக்கு உன் பொண்டாட்டி உத்தரவு போடணுமா?" என்றான். பெண்கள்கூடச் சிரித்தார்கள். அவன் பற்றவைத்தான். இரண்டு இழுப்பில் அவன்மேல் சாமி வந்துவிட்டது. முதல் வாக்கே, இனிமேல் தாண்டவன் வீட்டு ஆள்மேல் வரமாட்டேன் என்பதுதான். அப்பாவுக்கும் அவர் அப்பாவுக்கும் வந்த சாமி. என்னோடு போயிற்று. நான் ஆட்டுக்குட்டிபோல் கூட்டத்தில் ஓரமாக நின்று அவன் கையால் திருநீறு வாங்கிக்கொண்டு வந்தேன்.

உனக்காக. நீ அங்கே உட்கார்ந்து நாய் வால் என்று சிரிப்பதற்காக.

இப்போது ஒன்று சொல்கிறேன். ராத்திரி சாப்பிட்டதும் வெளியே போவேனே, பிள்ளைக்காகப் போவதாக எழுதியிருந்தாயே. பிள்ளை பிறப்பதற்கு முன்னாலும் போனேன், அது உனக்கு ஞாபகம் வரவில்லையா? உன்னை விட்டு வெளியே வர எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. நீ சாப்பிட்டதிலிருந்து படுக்கும்வரை பேசுவாய். படுத்தும் புரண்டு புரண்டு பேசுவாய். ஒரு பீடி முடிந்ததும் இன்னொன்று பற்றவைத்தது ஆசையில் இல்லை. நீ தூங்கியிருக்க மாட்டாய் என்றுதான். கட்டின மாசத்திலிருந்தே அப்படித்தான். சும்மா மரத்தடியில் நின்றால் ஊர் கேட்கும், பீடியோடு நின்றால் யாரும் கேட்க மாட்டார்கள்.

பிள்ளைக்கு இழுப்பு பீடியால் வந்தது என்கிறாய். அந்தப் பீடி உன்னால் வந்தது.

தாண்டவராயன்


புதூர்நாடு
5.6.2024

சுதாவுக்கு,

தீர்த்தகிரி ஒவ்வொரு தடவையும் வெறுங்கையோடு வருகிறான். "அக்கா ஒண்ணும் குடுக்கலண்ணே" என்கிறான்.

அன்றைக்கு நான் நானாக இல்லை. சுகாதார நிலையத்து நர்ஸம்மாவிடம் போய்ச் சொன்னேன். புதிதாக விட்டவர்களுக்கு இப்படித்தான் இருக்குமாம். கோபம் வரும், தூக்கம் வராது, வாயில் எது வேண்டுமானாலும் வரும், கொஞ்ச நாளில் அடங்கிவிடும் என்றார்கள். அடங்கிவிட்டது சுதா. சாமைச் சோற்றில் வாசனை தெரிகிறது. மேட்டுக்காடு ஏறினால் இருமல் இல்லை. சாந்தம்மாள் வீட்டுக்கே போய்க் கிழவியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் எனக்குக் களி போட்டாள்.

வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். போர்வைகளை ஓடையில் அலசிக் காயப்போட்டேன். பழைய சட்டைகளைக் கொளுத்திவிட்டேன். சாப்பிட்டதும் வெளியே போவதில்லை. உன் பாயைப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு கிடக்கிறேன். வீடு ரொம்பச் சத்தமில்லாமல் இருக்கிறது.

ஒரு பீடிகூடத் தொடவில்லை. சாமி போனது போகட்டும். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. நீ சொன்னபடி நான் செய்துவிட்டேன். கோபத்தில் எழுதியதை மனசில் வைத்துக்கொள்ளாதே. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா.

உன்
தாண்டவராயன்


திருப்பத்தூர்
8.6.2024

இளவரசி அப்பாவுக்கு,

நலம். பிள்ளை நலம். நீங்களும் நலம் என்று தீர்த்தகிரி சொன்னான். முகத்தில் கொஞ்சம் சதை வைத்திருக்கிறதாம்.

பீடி விட்டுட்டீங்க. நம்புகிறேன். அண்ணனிடம் சொன்னேன், அவருக்குச் சிரிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்குச் சந்தோஷம்தான், பொய்யில்லை.

உங்க கடைசிக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கோபத்தில் எழுதியது என்று இருக்கிறது. நர்ஸம்மா சொன்னது இருக்கிறது. சுண்ணாம்பு, போர்வை, சாந்தம்மாள் போட்ட களி எல்லாம் இருக்கிறது. அன்றைக்கு எழுதியது பொய் என்று மட்டும் எங்கேயும் இல்லை. நீங்க கோபம் வந்தால் மாட்டை அடிப்பீங்க, ஆளை ஏசுவீங்க. பொய் சொல்லத் தெரியாது. கட்டிக்கொண்ட நாளிலிருந்து நான் உங்களிடம் மெச்சியது அது ஒன்றைத்தான்.

முனியப்பனுக்குச் சுருட்டு வாயில் இருந்தால்தான் வாக்கு வரும். உங்களுக்குப் பீடி வாயில் இருந்தவரை வாக்கு வராமல் இருந்திருக்கிறது. நானே பிடுங்கிப் போட்டேன். யாரைக் குறை சொல்வது.

தை மாசப் பனியில் நீங்க மரத்தடியில் நிற்பீங்க. பிள்ளைக்காக மனுஷன் இப்படி விறைக்கிறாரே என்று கம்பளியை எடுத்துக்கொண்டு வருவேன். வாங்கிப் போர்த்திக்கொண்டு, "நீ போய் படு" என்பீங்க. என்ன அக்கறை என்று நினைத்துக்கொண்டே உள்ளே வந்து படுப்பேன். நீங்க வருகிறவரைக்கும் தூங்கக்கூடாது என்று விழித்துக்கொண்டு கிடப்பேன். நான் தூங்கட்டும் என்று நீங்க அங்கே நின்றிருக்கிறீங்க.

இளவரசியை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டேன். டி.சி.யை வாங்கித் தீர்த்தகிரியிடம் கொடுத்தனுப்புங்க. பிள்ளையைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வாங்க, அண்ணன் ஒன்றும் சொல்ல மாட்டார். நான் அந்த நேரம் கடையில் இருப்பேன். என் பாயைச் சுருட்டிவைத்துவிடுங்க.

இந்தக் கடிதத்தோடு தீர்த்தகிரி ஒரு பொட்டலம் தருவான். அண்ணன் கடைக்குப் பக்கத்தில் வாங்கியது, நீங்க பிடிக்கிற அதே பீடிதான். பிடிப்பதும் பிடிக்காததும் உங்க இஷ்டம். இனிமேல் வெளியே போக வேண்டாம், வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து பிடிக்கலாம்.

இப்படிக்கு,
ஜெயசுதா