பூ விழுந்த இருபத்தொரு காலைகள்

முடிச்சூர்,
7.9.2025, ஞாயிறு

அன்புள்ள தர்ஷினி அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்கள் இளைத்துப்போயிருப்பதாக ஸ்ரீரங்கன் சொன்னார். விடுப்பு முடிந்து வெள்ளிக்கிழமை அவர் குவைத் திரும்புகிறார். இந்தக் கடிதத்தையும் இரண்டு கிலோ மிளகாய்த் தூளையும் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். வாட்ஸப்பில் எழுதினால் இரண்டாவது வரியிலேயே 'சரி' என்று போட்டுவிடுவீர்கள். இதை உட்கார்ந்து படியுங்கள்.

தெருவில் மழைநீர்க் கால்வாய்க்குத் தோண்டிய பள்ளம் இன்னும் மூடவில்லை. தர்ஷினியின் சிறப்புக் கல்வி மையத்து வேன் முனையிலேயே நின்றுவிடுகிறது. நான் அவளை அங்கே ஏற்றிவிட்டுக் கல்லூரிக்குப் பஸ் பிடிக்கிறேன். மற்றபடி குறையில்லை.

ஜூலையிலிருந்து வேலை நாட்களில் காலை ஏழு மணிக்கு உங்களுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். 'இன்று கூப்பிடுங்கள்' அல்லது 'இன்று வேண்டாம்'. நீங்களும் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் அதன்படியே நடந்தீர்கள். இது என்ன விளையாட்டு என்று இரண்டு முறை கேட்டீர்கள். நான் பதில் சொல்லவில்லை. என் மனம்போல முடிவு செய்கிறேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் முடிவு செய்யவில்லை. மிக்ஸி பக்கத்தில் வைத்திருந்த ஐந்து ரூபாய் நாணயம் செய்தது. பூ விழுந்தால் கூப்பிடுங்கள், தலை விழுந்தால் வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். மார்ச் மாதம் தர்ஷினி மணிக்கட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டாள். அப்போது மாடம்பாக்கத்திலிருந்து வந்து நம்மோடு தங்கியிருந்த உங்கள் அக்கா சந்திரிகா, "அவன் போன் வந்தாலே புள்ள கைய கடிச்சிக்கிது வசு. மூணு வாட்டி என் கண்ணால பாத்துட்டேன்" என்றார். நானும் தலையாட்டினேன். அன்றே உங்களுக்கு, கொஞ்ச நாள் கூப்பிட வேண்டாம் என்று எழுதினேன். இருபத்திரண்டு வருடம் புள்ளியியல் நடத்தியவள் நான். மார்ச்சில் நீங்கள் தினமும் கூப்பிட்டீர்கள். அவள் கடித்த நாள் எதுவானாலும் அது போன் வந்த நாள்தான். அன்றெல்லாம் பால் பாக்கெட்டும்தான் வந்தது. போன் வராத நாள் என்று ஒன்று இல்லாதபோது எதோடு எதை ஒப்பிட்டோம்? முதலாண்டு மாணவி இப்படி எழுதியிருந்தால் சுழித்துவிடுவேன்.

அது எனக்கு உறைத்தது ஜூனில். அதற்குள், 'என் குரலே அவளுக்கு ஆகவில்லை' என்று நீங்களே தீர்மானித்துவிட்டீர்கள்.

எங்கள் பாடத்தில் ஒரு முறை உண்டு. ஒருவர் மேல் சந்தேகம் வந்தால் முதலில் அவர் ஒன்றும் செய்யவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். இதை இன்மைக் கருதுகோள் என்போம். உங்கள் போனுக்கும் அவள் கையைக் கடிப்பதற்கும் தொடர்பே இல்லை என்பது நான் வைத்துக்கொண்ட கருதுகோள். பிறகு தரவு சேர்க்க வேண்டும். தொடர்பே இல்லாவிட்டால் இப்படி ஒரு கணக்கு தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்று பார்க்க வேண்டும். வாய்ப்பு மிகக் குறைவு என்றால்தான் கருதுகோளைக் கைவிடலாம். எவ்வளவு குறைவு என்பதை முன்கூட்டியே எழுதிவைத்துவிட வேண்டும். பின்னால் நமக்குச் சாதகமாக வளைக்கக் கூடாது. நூறில் ஐந்துக்குக் கீழ் என்று எழுதித் தேதி போட்டு பீரோவில் வைத்தேன்.

நாணயம் எதற்கு என்றால், நான் தேர்ந்தெடுத்தால் அவள் சிரித்த முகமாக எழுந்த நாட்களில்தான் உங்களைக் கூப்பிடச் சொல்வேன். அப்போது வித்தியாசம் போனாலா, அவள் எழுந்த விதத்தாலா என்று சொல்ல முடியாது. நாணயத்துக்கு அவள் முகம் தெரியாது. குறிப்பெடுத்ததும் நான் இல்லை. மையத்தில் ஜென்சி டீச்சர், மூன்று மணிக்குள் கடித்தாளா இல்லையா என்று மட்டும் நோட்டில் எழுதினார். போன் விஷயம் அவருக்குத் தெரியாது. உங்களிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீங்கள் பயந்த குரலில் பேசியிருப்பீர்கள்.

ஆகஸ்டில் அவள் பிறந்தநாளன்று தலை விழுந்தது. நாணயத்தை இன்னொரு முறை சுண்டலாமா என்று கையில் வைத்துக்கொண்டே நின்றேன். என் விருப்பத்துக்கு ஒரு நாளை மாற்றினால், திட்டமிட்ட நாற்பது நாள் கணக்கும் கெட்டுவிடும். 'இன்று வேண்டாம்' என்று அனுப்பினேன். "பிறந்தநாளைக்குக்கூட வேண்டாமா வசு?" என்று நீங்கள் எழுதியது இன்னும் என் போனில் இருக்கிறது. அதற்கு நான் பதில் எழுதாதது கோபத்தால் இல்லை.

வெள்ளியோடு நாற்பது நாள் முடிந்தது. நீங்கள் கூப்பிட்டது இருபத்தொரு நாள். அதில் அவள் கடித்தது ஆறு நாள். கூப்பிடாதது பத்தொன்பது நாள். அதில் கடித்தது ஏழு நாள்.

நேற்று உங்கள் அக்கா வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "இன்னா வசு, காலேஜ்ல பாடம் எடுக்கறேன்னு பெத்த புள்ளகிட்டயே பூவா தலையா ஆடிக்கினு கீறியா?" என்று எழுந்தே விட்டார். உட்காரவைத்து நாற்பது கடலை எடுத்தேன். கடித்த நாளுக்குக் கறுப்புக் கொண்டைக்கடலை பதின்மூன்று, மற்றதற்கு வெள்ளை. எடுக்கும்போதுதான் வெள்ளைக் கடலை பெரிது, கைக்கே தெரிந்துவிடும் என்று புரிந்தது. அதைக் குருமாவுக்கு ஊறப்போட்டுவிட்டுக் காலண்டர் தாளை ஒரே அளவில் நாற்பது துண்டாக வெட்டினேன். பதின்மூன்றில் மட்டும் புள்ளி வைத்து மடித்து எவர்சில்வர் தூக்கில் போட்டேன். அக்காவைக் குலுக்கி இருபத்தொன்று எடுக்கச் சொன்னேன். அதில் எத்தனை புள்ளி என்று எண்ணி எழுதிவிட்டுத் திரும்பவும் போட வேண்டும். இப்படி நூறு முறை. இந்தத் துண்டுக் காகிதங்களுக்கு உங்களைத் தெரியாது, போனைத் தெரியாது. எல்லாம் வெறும் தற்செயல்.

முப்பது தாண்டியதும் அக்காவுக்கு ரோஷம் வந்து வேகமாகக் குலுக்க ஆரம்பித்தார். நூறில் எழுபத்தொன்பது முறை ஆறோ அதற்கு மேலோ வந்தது. பத்தும் அதற்கு மேலும் வந்தது நாலே முறை. உங்கள் நாட்களில் பத்துப் புள்ளி இருந்திருந்தால் நானும் யோசித்திருப்பேன். இருந்தது ஆறு. அக்கா தூக்கைக் கீழே வைத்துவிட்டு, "சும்மா குலுக்கனதுக்கே இத்தினி வருது. அப்பறம் இன்னாத்துக்கு அவன் போன குத்தம் சொன்னோம்?" என்றார். என் மாணவிகள் ஒரு செமஸ்டர் எடுத்துக்கொள்வார்கள் இதைச் சொல்ல. பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, தம்பியிடம் தானே பேசுவதாகச் சொன்னார். பேசுவார். திட்டுவதுபோலத்தான் ஆரம்பிப்பார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இதனால் உங்கள் போன் குற்றமற்றது என்று நிரூபணம் ஆகிவிடவில்லை. குற்றம் சாட்ட ஆதாரம் இல்லை, அவ்வளவுதான். நாற்பது நாள் சிறிய கணக்கு. மிகச் சிறிய வித்தியாசம் அதில் ஒளிந்திருக்கலாம். தவறு இரண்டு பக்கமும் நேரும். குற்றமில்லாதவரைத் தள்ளிவைப்பது ஒன்று, இருக்கிற குற்றத்தைக் காணாமல் விடுவது இன்னொன்று. நாம் முதல் தவறை ஏப்ரல் முதல் ஜூலை வரை செய்து பார்த்துவிட்டோம். அதன் விலை எனக்குத் தெரியும். இரண்டாவது நேர்ந்தால் சமாளித்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. போனில் பேசும்போது திரை இருண்டுபோகிறது, அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்று ஒருமுறை எழுதினீர்கள். அவள் திருப்பிக்கொள்ளவில்லை. போனைப் பிடுங்கிக் கன்னத்தோடு அழுத்திக்கொள்கிறாள். நீங்கள் பார்த்த இருட்டு அவள் கன்னம். இதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருடம் நீட்டிக்கும் படிவம் உங்கள் மேஜையில் இருப்பதாக ஸ்ரீரங்கன் சொன்னார். மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டுமாம். 'நான் இல்லாமலே அவள் நன்றாக இருக்கிறாள்' என்று அவரிடம் சொன்னீர்களாம். நான் வைத்துக்கொண்டது அந்தக் கருதுகோள் இல்லை. அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். டிசம்பரில் வந்துவிடுங்கள்.

இனிமேல் காலைச் செய்தி வராது. தினமும் ஏழரைக்குக் கூப்பிடுங்கள். நாணயத்தை நேற்றே பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டேன்.

தலை விழுந்த பத்தொன்பது நாட்களில் தர்ஷினி எப்படி இருந்தாள் என்பது ஜென்சி டீச்சர் நோட்டில் இருக்கிறது. நான் எப்படி இருந்தேன் என்பதற்கு அதில் கட்டம் போடவில்லை. நேரில் வந்து கேளுங்கள், சொல்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். வெயிலில் தொப்பியில்லாமல் நிற்க வேண்டாம். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வசுமதி