தன்னாமுனையில் நின்ற கார்

என் மச்சானுக்கு,

அன்போடு எழுதத்தான் உட்கார்ந்தேன். அன்பு இருக்கிறது, அதற்கு மேலே கோபம் ஏறி நிற்கிறது. உங்கள் முதலாம் ஆண்டு நினைவுப் பூசை ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. கோயில் வாசலில் நின்று எல்லாரும் "தங்கமான மனிசன்" என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்கமான மனிசனுக்குப் பெண்சாதியாக இருந்து பார்த்தால் தெரியும்.

நம் ஒஸ்டின் வாடகைக் காரின் வருத்தம் கல்குடா முழுக்கத் தெரிந்ததுதான். வெயில் ஏறினால் எஞ்சின் மிஸ் அடிக்கும், விக்கும், குலுங்கும். எல்லாம் நீங்கள் பூட்டிய கொயிலால். இறக்குமதி நின்றுபோய், நம் காருக்குரியது கிடைக்கவில்லை என்று ஏதோ ஒரு யப்பான் காரில் கழற்றியதைக் கொண்டுவந்து மாட்டினீர்கள். பிளக்குக்குப் பொறி அனுப்புகிற சாமான் அது. தொட்டால் தோசைக்கல். அதற்கு உங்கள் வைத்தியம் ஈரத்துணி!

"கொஞ்சம் சுடும் புள்ள, துணி நனைச்சுப் போட்டா ஆறிடும். நல்லதா ஒண்டு மறுகா பாப்பம்."

எதற்கெடுத்தாலும் பிறகு, பிறகு என்கிற அந்த 'மறுகா'வைக் கேட்டுக் கேட்டே எனக்குக் காது புளித்துப்போனது. பிறகு நல்லதும் வந்தது. என் தம்பி சவிரி கொழும்பெல்லாம் அலைந்து, நம் காருக்கே உரிய புதுக் கொயிலை வாங்கிவந்தான். நீங்கள் என்ன செய்தீர்கள்? பெட்டிகூடப் பிரிக்காமல் ஓட்டமாவடிக் காசிம் காக்காவிடம் கொடுத்தீர்கள். அவரிடமும் நம்முடையதைப் போல ஒரு ஒஸ்டின்.

"அவர்ட பொஞ்சாதிக்கு இது பேறு மாசம். வழியில நிண்டா என்ன செய்யிற?"

நம் கார் வழியில் நின்றால் என்ன செய்வது என்று ஏன் ஒருநாளாவது கேட்கவில்லை, மச்சான்?

நின்றது. நடுப்பகல் வெயிலில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்கள் என் மடியில் கிடக்க, சவிரி ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனான். வழியில், வாவியோரத் தன்னாமுனையில் கார் விக்கத் தொடங்கியது. போத்தலில் தண்ணீர் இல்லை. அவன் பதறிப்போய்த் துணியை வாவியில் நனைத்துக் கொயிலில் போட்டான். கடலோடு கலக்கிற வாவி, உப்புத் தண்ணீர். இருந்த பொறியும் செத்தது. அப்போதும் நீங்கள் சொன்னது, "பதறாத புள்ள, ஆறட்டும்." வேறொரு கார் வருவதற்குள் உங்கள் கை சில்லிட்டுவிட்டது.

போன கிழமை காசிம் காக்கா வந்தார். பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டதாம். கையில் அதே கொயில், கழற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"தங்கச்சி, இது உங்கட சாமான். வச்சிருக்க மனசு கேக்குதில்ல."

"அப்ப உங்கட காருக்கு?"

"ஈரத்துணி கிடக்குதானே."

நான் போட்ட சத்தத்தில் அயலவர்கள் வேலிக்கு வந்துவிட்டார்கள். "கொண்டுபோய்ப் பூட்டுங்க காக்கா! இன்னொரு பொம்புள என்னை மாதிரி றோட்டில இருக்க வேணாம்." நல்ல மனதால் சொல்லவில்லை. ஆத்திரத்தில் சொன்னேன்.

அந்த ஆத்திரம் தீராமல், நின்ற நாளிலிருந்து மூடிக்கிடந்த நம் காரைத் திறந்தேன். கொயிலில் உப்புப் பூத்திருந்தது. அதைத் துடைக்கத் துடைக்க இங்கிலீஸ் எழுத்துத் தெரிந்தது. ரெசிஸ்டர் சேர்த்தே பூட்டவேண்டும் என்று அச்சடித்திருந்தார்கள். கொன்வென்டில் படித்தவளைக் கட்டிக்கொண்டு, ஒருநாள் அதை என்னிடம் காட்டத் தோன்றவில்லையா உங்களுக்கு?

புதிது வாங்கப் பட்டினத்துக்குப் போனேன். கடைக்காரனும் உங்களைப் போலத்தான். "எல்லாம் ஒண்டுதான் அக்கா, பூட்டுங்க" என்று அதே மாதிரிக் கொயிலை மட்டும் நீட்டினான். "ரெசிஸ்டர் இல்லாம நான் அசையமாட்டன்" என்று நின்றேன். முணுமுணுத்துக்கொண்டு உள்ளேயிருந்து தேடி எடுத்துவந்தான். விரல் நீள வெள்ளைப் பீங்கான் துண்டு. கொயிலுக்குப் போகிற மின்சாரத்தைக் குறைத்து, சூடேறாமல் காப்பதாம். இவ்வளவுதான், மச்சான். இவ்வளவுதான் வேண்டியிருந்தது.

நேற்று இரண்டையும் பூட்டி, நடுப்பகலில், வேண்டுமென்றே அந்த வெயிலில், சவிரியை ஓட்டச் சொன்னேன். நாம் நின்ற இடத்தைக் கார் ஒரு விக்கலும் இல்லாமல் கடந்தது. நின்றிருந்தால்கூட நான் அப்படி அழுதிருக்க மாட்டேன்.

உங்கள் ஈரத்துணி சீட்டுக்கு அடியில் விறைத்துக் கிடந்தது. அடுப்பில் போட்டுவிட்டேன். இனி இந்தக் காரில் ஏறுகிற எந்த நோயாளிக்கும் 'ஆறட்டும்' என்று சொல்லவேண்டி வராது. இது சத்தியம். உங்களை மன்னிப்பதைப் பற்றி மறுகா பார்ப்போம்.

கோபத்தோடும் உங்களையே நினைத்திருக்கும்
உங்கள் மச்சாள்,
றோசலின்