உட்காராத துக்கம்

அன்பு மகள் அகிலாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, சர்க்கரை மட்டும் ஏறி இறங்குகிறது. நீயும், சித்தப்பா வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன், உன்னிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை. நீ என் போனை எடுக்காமல் பதினாலு மாதம் ஆகிறது. என் ரூமில் இருக்கும் ராமநாதபுரத்துக்காரர் கௌஸ் முகைதீன் ஞாயிற்றுக்கிழமை லீவில் வருகிறார், மதுரையில் இறங்கியதும் உன் லேபுக்கே வந்து இதை உன் கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். கிழித்துவிடாதே தாயி. முழுக்கப் படி, அப்புறம் உன் இஷ்டம்.

நான் ராஸ் அல் கைமா டைல்ஸ் கம்பெனியை விட்டுவிட்டு துபாய்க்கு வந்து ஒரு வருடம் ஆகிறது, சித்தப்பா சொல்லியிருப்பார். சத்வாவில் ரூம். எஸ்ரா சார் என்று ஒரு பெரியவருக்கு கார் ஓட்டுகிறேன். அவர் யூதர், பம்பாயில் பிறந்தவர், அதனால் எங்களுக்குள் இந்திதான். அவரும் மனைவி ஹன்னா மேடமும் மட்டும்தான், பிள்ளைகள் இல்லை. இங்கே அவர்கள் ஆட்கள் கொஞ்சம் பேர்தான். ஒரு வீட்டையே ஜெப ஆலயமாக வைத்திருக்கிறார்கள், வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. காலம் சரியில்லை என்று, எங்கே கூடுகிறோம் என்பதைக்கூடக் கடைசி நேரத்தில்தான் போனில் சொல்லிக்கொள்கிறார்கள்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஹன்னா மேடம் ஆஸ்பத்திரியில் தவறிவிட்டார். அவர்கள் வழக்கத்தில் உடலை வைத்திருக்கக் கூடாது, சீக்கிரம் அடக்கம் செய்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்தால் ஓய்வு நாள் பிறந்துவிடும், அப்புறம் ஞாயிறு வரை மண்ணைத் தொட முடியாது. வெள்ளி காலையில் பேப்பர் எல்லாம் வாங்கி முடிக்கவே மணி பதினொன்றரை. சபையைச் சேர்ந்த பெண்கள் நாலு பேர் வந்து மேடத்தைக் குளிப்பாட்டி வெள்ளைத் துணி உடுத்தினார்கள், கூலிக்கு வைத்தவர்கள் இல்லை, ஒருத்தி டாக்டர், ஒருத்தி பள்ளிக்கூட டீச்சர். எல்லாம் ஆயிற்று, ஆனால் ஆம்பளை ஆட்கள் ஒன்பது பேர்தான். குழிக்குப் பக்கத்தில் நின்று சொல்லும் ஒரு ஜெபத்துக்குப் பத்துப் பேர் இருந்தே ஆக வேண்டுமாம், ஒருத்தர் குறைந்தாலும் சொல்ல முடியாதாம். சிலர் ஊரில் இல்லை, சிலர் பயந்துகொண்டு வெளியே வரவில்லை. நான் பத்தாவதாக நிற்கட்டுமா என்று கேட்டேன். எஸ்ரா சார் என் தோளைத் தொட்டு, அப்படி முடியாது கார்மேகம், எங்கள் ஆளாக இருக்க வேண்டும் என்றார். அதை ஒரு மாதிரி கெஞ்சுகிற குரலில் சொன்னார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒன்றரை மணி நேர தூரத்தில் புஜைராவில் எண்ணெய் டேங்க் சோதனைக்கு வந்திருந்த நத்தானியேல் என்ற எஞ்சினியர் ஒருத்தர்தான் அவர்கள் ஆட்களில் மிச்சம். அந்த இடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் தகவல் சொல்லியிருக்கிறார்கள், அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. நான் போய்க் கூட்டிவருகிறேன் என்று வண்டியை எடுத்துவிட்டேன். ஒன்றே காலுக்கு கேட்டில் நிற்கிறேன். செக்யூரிட்டி, தகவல் உள்ளே போயிருக்கிறது பாய், எனக்கு வேறு ஒன்றும் தெரியாது என்கிறான். ஒன்றே முக்கால் ஆயிற்று, இரண்டு ஆயிற்று. யாரைத் தேடி வந்திருக்கிறேனோ அவர் முகம்கூட எனக்குத் தெரியாது. ஹெல்மெட் போட்டு வெளியே வருகிற ஒவ்வொருத்தரிடமும் போய் பெயரைக் கேட்டேன். இரண்டரைக்கு ஒருத்தர் ஓடி வந்தார், சட்டையெல்லாம் கிரீஸ். யல்லா, யல்லா, சீக்கிரம் எடு என்று அவரே கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.

மலை ரோட்டைத் தாண்டும் வரை ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு டிரெய்லர் குறுக்கே கவிழ்ந்து கிடந்தது. வண்டிகள் அசையவில்லை. மூன்றரை, நாலு. மயானத்திலிருந்து போன்மேல் போன். ஐந்தே முக்காலுக்குள் எல்லாம் முடிய வேண்டும். நத்தானியேல் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார், நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நம் குலசாமியைக் கூப்பிட்டேன். எனக்கு ஏன் அப்படி நெஞ்சு அடித்துக்கொண்டது, மேடத்துக்காகத்தானா என்று அப்போது யோசிக்கவில்லை. நாலேகாலுக்கு ஒரு ஓரமாக வழி விட்டார்கள்.

நாங்கள் போய் இறங்கும்போது ஐந்து பத்து. காத்திருக்க முடியாமல் மண் தள்ள ஆரம்பித்திருந்தார்கள், குழி பாதி நிறைந்திருந்தது. மண்வெட்டியை ஒருத்தர் கையிலிருந்து ஒருத்தர் வாங்கக் கூடாது போலிருக்கிறது, ஒவ்வொருத்தரும் மண்ணில் குத்தி வைக்கிறார்கள், அடுத்தவர் எடுத்துக்கொள்கிறார். நத்தானியேல் கிரீஸ் சட்டையோடு போய் மண்வெட்டியை எடுத்தார். குழி மூடியதும் எஸ்ரா சார் அந்த ஜெபத்தைச் சொன்னார். சட்டைக் காலரில் ஒரு கிழிசல், துக்கத்துக்கு அவர்கள் கிழித்துக்கொள்வது. முதல் வரியில் குரல் உடைந்து நின்றுவிட்டது. சுற்றி நின்றவர்கள் ஆமென் என்று சொல்லிச் சொல்லி அவரைக் கடைசி வரை கூட்டிப்போனார்கள். முடிந்தபோது வெயில் மண்ணோடு மண்ணாகச் சாய்ந்திருந்தது, இன்னும் மறையவில்லை.

அதற்கப்புறம் ஏழு நாள் துக்கம் உட்கார்வார்கள். வீட்டில் கண்ணாடியெல்லாம் துணி போட்டு மூடியிருந்தது, சார் ஒரு குட்டை முக்காலியில். அந்த வீட்டில் அடுப்பு பற்ற வைக்க விடவில்லை, வேளைக்கு ஒரு வீட்டிலிருந்து சாப்பாடு, எடுத்து வருவது என் டூட்டி. கதவு சாத்தியே இல்லை. வருகிறவர்கள் முதலில் பேசக் கூடாதாம். துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கிற வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். சில பேர் ஒரு மணி நேரம் அப்படியே இருந்துவிட்டு எழுந்து போனார்கள்.

திங்கட்கிழமை பாத்திரத்தை வைத்துவிட்டு வாசல் பக்கம் நின்றேன். சார் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரி இறந்துவிட்டாள் என்று மட்டும் அவருக்குத் தெரியும்.

"தும் கித்னே தின் பைட்டே, கார்மேகம்?" நீ எத்தனை நாள் உட்கார்ந்தாய் என்று கேட்டார்.

நான் ஒரு நாள்கூட உட்காரவில்லை, அகிலா. உன் அம்மா ஜெயமணி போன மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் டூட்டியில் இருந்தேன். கம்பெனியில் லீவு தரவில்லை என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய். லீவு கொடுத்தார்கள். டிக்கெட்டும் போட்டார்கள். ஷார்ஜா ஏர்போர்ட் வரை வந்து போர்டிங் பாஸும் கையில் வாங்கிவிட்டேன். அங்கே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. வயிற்று வலி தாங்கலை என்று அவள் மூன்று மாதமாகச் சொன்னாள். மாத்திரை போட்டுக்கோ, தீபாவளிக்கு வந்து பெரிய ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்றேன். அந்த முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? என் பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அறிவித்தார்கள். விமானம் போன பிறகு வேனைப் பிடித்து கேம்ப்புக்கே திரும்பிவிட்டேன். அங்கே நீ ஒற்றை ஆளாக நின்றாய், சித்தப்பா கொள்ளி வைத்தார். நீங்க இனி என்கிட்டப் பேச வேண்டாம்பா என்று நீ சொன்னபோது, உனக்கு விஷயம் தெரிந்துதான் சொல்கிறாயோ என்று நடுங்கிப்போனேன். தெரியாமலே சொல்லியிருக்கிறாய். இப்போது தெரிந்துகொள்.

இதையெல்லாம் அத்தனை பேர் நடுவில் சொல்லிவிட்டேன், பாதி இந்தி, பாதி தமிழ். சார் பக்கத்தில் தரையைத் தட்டினார், போய் உட்கார்ந்தேன். அந்த டாக்டரம்மா ரொட்டியும் அவித்த முட்டையும் கையில் வைத்தார். புறப்படும்போது துக்கக்காரரிடம் எல்லோரும் ஒரு வாக்கியம் சொல்வார்கள், துக்கப்படுகிற மற்றவர்களோடு சேர்த்து உன்னையும் கடவுள் தேற்றட்டும் என்று அர்த்தமாம். நத்தானியேல் சாரிடம் அதைச் சொன்னார். பிறகு குனிந்து என்னிடமும் சொன்னார். அப்போதுதான் அழுதேன். உன் அம்மா போன பிறகு அதுதான் முதல் தடவை.

பிப்ரவரி பத்தாம் தேதி வருகிறேன், இருபது நாள் லீவு. இந்த முறை விமானத்தில் ஏறுவேன், கௌஸ் முகைதீன் முன்னால் சத்தியம் செய்திருக்கிறேன். மன்னித்துக்கொள் என்று கேட்க வரவில்லை. உன் அம்மா படத்துக்கு முன்னால் ஏழு நாள் உட்கார வருகிறேன், நீ வீட்டுக்குள் விட்டால் அங்கே, விடாவிட்டால் சித்தப்பா வீட்டில். நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்தாலும் நான் முதலில் பேச மாட்டேன். திட்ட வேண்டுமானால் திட்டு, ஒன்றும் பேசாமல் எழுந்து போனாலும் சரிதான்.

ஸ்கூட்டியில் போகும்போது துப்பட்டாவை முடிந்துகொள். அடுப்படி ஓடு ஒழுகுகிறது என்று சித்தப்பா சொன்னார், நான் வந்து மாற்றுகிறேன், நீ மேலே ஏறாதே. வயிறு வலித்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதே, இதை மட்டும் எனக்காக இல்லாவிட்டாலும் உன் அம்மாவுக்காகக் கேள். குலசாமி உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். ஏர்போர்ட்டுக்கு வர வேண்டாம், பஸ் பிடித்து நானே வந்துவிடுவேன்.

உன் அப்பா,
கார்மேகம்